மின்கம்பங்களை எண்ணி

எங்கள் பாடசாலைகளில் தை, மாசி மாதங்கள் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ஆசிரியர்களுக்குக் கடமைகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். ஒருவர் ஆரம்பிப்பாளர், இருவர் நேரக்கணிப்பாளர்கள், முடிவிடத்தில் கயிறு பிடிக்க இருவர். இருபது வருட ஆசிரிய சேவையில் எனக்குக் கிடைத்து வந்தது ஒரே கடமைதான்: சான்றிதழ் எழுதுவது. கையெழுத்து அழகாக இருந்தது ஒரு காரணம். மைதானத்துக்குள் இறக்கினால் எதற்கும் உதவமாட்டேன் என்பது இன்னொரு காரணம். ஆசிரிய கலாசாலையில் பயிற்சி பெற்ற இரண்டு வருடமும் உடற்கல்விப் பாடத்தைக் கொப்பியில்தான் படித்தேன். அஞ்சலோட்டத்தில் கோல் மாற்றும் முறைகளைப் படம் போட்டு விளக்க என்னால் முடியும்; கோலைக் கையில் பிடித்து ஓடியதில்லை. நாற்பத்திரண்டு வயது வரை பஸ் பிடிக்கக்கூட நான் ஓடியதில்லை. குறிகட்டுவான் போகும் 776 கண்முன்னே புறப்பட்டாலும் போகட்டும் என்று நிற்பேன். அடுத்தது எப்போது வரும் என்பது வேறு விடயம்.

இப்போது வயது நாற்பத்தைந்து. வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன். ஓடாத நாளில் கால்கள் சும்மா இருக்க மாட்டேன் என்கின்றன. எப்படி இப்படி ஆனேன் என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

புங்குடுதீவில் நான் இருப்பது கஷ்டப் பிரதேச சேவைக்காக. மனைவியும் பிள்ளைகளும் புத்தளத்தில், வாப்பா உம்மாவோடு. தங்கியிருக்கும் வீடு கனடாவில் வசிக்கும் ஒருவருடையது. வாடகை இல்லை, முற்றம் கூட்ட வேண்டும், கிணற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாலையில் முன் விளக்கைப் போட வேண்டும். அந்த ஒழுங்கையில் விளக்கு எரிவது இரண்டு வீடுகளில்தான். மற்றவை பூட்டியவை, அல்லது கூரையில்லாதவை. வேப்பமரங்கள் அறைகளுக்குள் வளர்ந்து ஓடில்லாத இடம் வழியாகத் தலை நீட்டுகின்றன.

நான் பிறந்தது யாழ்ப்பாணம் சோனகதெருவில். எனக்குத் தெரிந்த ஒரேயொரு மைதானம் ஜின்னா மைதானம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஒலிபெருக்கியில் அறிவித்து எங்கள் சனத்தை அங்கேதான் கூடச் சொன்னார்கள். எனக்குப் பத்து வயது. வெய்யிலில் நின்றதும், உம்மா என் கையை விடாமல் பிடித்ததும், மாலைக்குள் ஊரை விட்டுப் போய்விட்டதும் நினைவிருக்கின்றன. அதனால்தான் நான் மைதானங்களை வெறுத்தேன் என்று கதை கட்டலாம், நன்றாகக்கூட இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. அதற்கு முன்னரும் நான் ஓடியதில்லை. மற்றப் பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓட, அவர்களுடைய செருப்புகளுக்குக் காவல் இருந்தவன் நான்.

ஓட வைத்தது வாப்பாவின் கால். வாப்பா சைக்கிளில் துணி கட்டி விற்றவர். சுன்னாகம், மானிப்பாய், கோப்பாய் என்று குடாநாட்டு ஒழுங்கைகள் அவருக்கு மனப்பாடம். புத்தளம் போனபின் சைக்கிளும் இல்லை, தெரிந்த ஒழுங்கைகளும் இல்லை. முகாமின் ஓலைக்குடிலுக்கு முன்னால் உட்கார்ந்தவர், பிறகு கட்டிய கல்வீட்டின் விறாந்தையிலும் அப்படியே உட்கார்ந்தார். சீனி வருத்தம் வந்தது. ஒருநாள் காலில் முள் ஏறியது அவருக்குத் தெரியவில்லை. நரம்புகள் உணர்ச்சி இழந்திருந்தன. புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஊர் ஊராகப் பெடல் மிதித்த கால் அது.

எனக்கு நாற்பத்திரண்டில் அதே வருத்தம் கண்டது. வெறுவயிற்று இரத்தத்தில் சீனி 168. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7.9. வைத்தியர் மாத்திரையை எழுதிவிட்டு, “மாஸ்டர், நடவுங்கோ” என்றார். நடந்தேன். இரண்டு மாதம் நடந்து அலுத்துவிட்டது. நடக்கும்போது மனம் வேலை செய்கிறது. மனம் வேலை செய்தால் கவலை வருகிறது. எங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவரிடம் சொன்னபோது, “அப்ப ஓடுங்கோவன் அண்ணை” என்றார். சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கைத்தொலைபேசியில் ஓர் அட்டவணையைக் காட்டினார்.

அது 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர் தயாரித்த ஒன்பது வாரத் திட்டம். நாற்காலியை விட்டு எழும்பாதவர்களை ஐந்து கிலோமீற்றர் ஓடவைப்பது அதன் நோக்கம். முதல் வாரம் ஐந்து நிமிட வேக நடை. பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இப்படி மாறிமாறி இருபது நிமிடம். வாரத்தில் மூன்று நாள் போதும். ஓடும் நேரம் வாரத்துக்கு வாரம் கூட, நடை குறையும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று: நடப்பது தோல்வி அல்ல, பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. ஆசிரியனுக்கு இது விளங்கும். எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளையிடம் யாரும் கட்டுரை கேட்பதில்லை.

என்னிடம் அந்தமாதிரித் தொலைபேசியும் இல்லை, இருட்டில் மணிக்கூடு பார்க்கும் கண்ணும் இல்லை. ஆகவே மின்கம்பங்களை எண்ணினேன். மூன்று கம்பம் ஓட்டம், மூன்று கம்பம் நடை. சுபஹுத் தொழுகை முடிய இருட்டோடு புறப்படுவேன், வெளிக்கும்போது திரும்பிவிடுவேன். முதல் நாள் மூன்றாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நெஞ்சு வெடித்துவிடும் என்ற பயத்தோடுதான். ஒன்பது வாரத் திட்டம் எனக்குப் பதினேழு வாரம் எடுத்தது. அதில் எனக்குக் குறையில்லை. பரீட்சை எழுதவா போகிறோம்?

ஓடத் தெரியாதவர்கள் எல்லோருக்கும் முதலில் வரும் நினைப்பு, ஓட்டம் என்றால் வேகம் என்பது. சின்ன வயதில் நாம் கண்டது நூறு மீற்றர் ஓட்டத்தை. அதையே பெருப்பித்து ஐந்து கிலோமீற்றருக்கும் நினைத்துக்கொள்கிறோம். சரியான வேகத்துக்குச் சுலபமான அளவுகோல் ஒன்றிருக்கிறது: ஓடிக்கொண்டே முழு வசனம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி வசனம் முறிந்தால் வேகம் அதிகம். நான் வாய்ப்பாடு சொல்லிப் பார்ப்பேன். பதினேழாம் வாய்ப்பாடு தட்டாமல் வந்தால் வேகம் சரி. தூரத்தில் கேட்பவர்களுக்கு மாஸ்டருக்கு என்னவோ நடந்துவிட்டது என்று தோன்றியிருக்கும்.

உள்ளே நடப்பது இதைவிடச் சுவையானது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடுகின்றன. தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுகின்றன. ஆனால் எலும்பையும் தசையையும் பிணைக்கும் நாண்கள் ஆமை. அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு பழகிவிட்டதே என்று தூரத்தைச் சடுதியாகக் கூட்டுகிறவர்களுக்குக் குதிக்காலும் முன்னங்காலும் நோவது இதனால்தான். சீனிக்கு வருவோம். சும்மா இருக்கும்போது இரத்தத்திலுள்ள சீனி தசைக்குள் நுழைய இன்சுலின் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தத் திறப்பு துருப்பிடித்தது. தசை சுருங்கி விரியும்போதோ இன்சுலின் இல்லாமலே இன்னொரு வாசல் திறக்கிறது. ஓடி முடித்தபின்னும் பல மணித்தியாலம் தசை இன்சுலினுக்கு இலகுவாக இணங்குகிறது. எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பிக்கிற நான் இதை நாற்பத்திரண்டு வயதில்தான் என் தொடையில் படித்தேன்.

“முழங்கால் தேய்ஞ்சிடும் மாஸ்டர்” என்று சொல்லாதவர் இல்லை. தேநீர்க் கடையிலும் சொன்னார்கள், ஆசிரியர் அறையிலும் சொன்னார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2017இல் வெளியான ஒரு தொகுப்பு ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்வு 3.5 வீதம், ஓடாமல் இருப்பவர்களில் 10.2 வீதம், போட்டிக்கென்றே கடுமையாக ஓடும் வீரர்களில் 13.3 வீதம். அளவோடு ஓடுபவனுக்குப் பயமில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். உடம்பு இலேசானவர்கள் ஓடுவதால் அப்படித் தெரியலாம் என்று கணித ஆசிரியர் வாதாடினார். அதிலும் நியாயம் உண்டு.

சனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தத் தீவில் வளர்ந்தவர் ஒருவர் றோட்டில் ஓடினால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். முதல் கிழமை பக்கத்து வளவு ஆச்சி படலைக்கு வந்து, “என்ன தம்பி, என்ன பிரச்சினை? ஆர் வாறாங்கள்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை ஆச்சி, சும்மா ஓடுகிறேன் என்றேன். “சும்மாவோ?” என்றார். அவருடைய சனம் 1991இல் இராணுவம் தீவுக்குள் வந்தபோது ஓடியது. எங்கள் சனம் அதற்கு ஒரு வருடம் முன்னால், இவர்களில் சிலர் கையில் துவக்கோடு நிற்க, குடாநாட்டை விட்டுப் போனது. அதை நானும் ஆச்சியும் பேசியதில்லை. ஆனால் ‘ஓட்டம்’ என்ற சொல் எங்கள் இருவருக்கும் ஒரே பொருளைத்தான் தந்து வந்திருக்கிறது. சும்மா ஓடலாம், ஓடிவிட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வரலாம் என்பதை ஏற்க ஆச்சிக்கு ஒரு மாதம் எடுத்தது. இப்போது நான் வெளிக்கிடப் பிந்தினால் படலையில் நின்று, “இண்டைக்குப் போகேல்லையோ?” என்று கேட்கிறார்.

உடுப்பும் ஒரு பிரச்சினைதான். அரைக் காற்சட்டையோடு ஓட என்னால் முடியாது, பெற்றோர் காண்பார்கள். நீளக் காற்சட்டையும் தொளதொள மேற்சட்டையும் போட்டுக்கொள்வேன். சப்பாத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. யாழ்ப்பாணம் பெரிய கடைத் தெருவில் வாங்கிய முதலாவது சோடி, தாளைப்போல இலேசானது. கட்டாக்காலி நாய்களுக்கு ஓடாமல் நின்றுவிடுவதே மருந்து. ஓடுகிறவனைத்தான் அவை துரத்துகின்றன. நின்று கல் எடுக்கக் குனிந்தால் மரியாதை வந்துவிடும். கட்டாக்காலி மாடுகள் எவருக்கும் வழி விடுவதில்லை.

காற்று இந்தத் தீவில் இன்னோர் ஆசிரியர். சோளகம் வீசும் மாதங்களில் குறிகட்டுவான் பக்கம் ஓடினால் முகத்தில் அடிக்கும். ஓடுகிறேனா, நிற்கிறேனா என்று சந்தேகம் வரும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். வாடைக் காலத்தில் எதிர்ப்பக்கம், மடத்துவெளி தாண்டி வேலணைக்குப் போகும் வாணர் தாம்போதியில் அந்தப் பாடு. தீவுக்குத் தரைவழி வேண்டுமென்று பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயர் அதற்கு. இருபக்கமும் ஆழமில்லாத கடல். மழைக்காலம் முடிந்த சில காலைகளில் பூநாரைகள் இளஞ்சிவப்பாய்த் தண்ணீரில் நிற்கும். அவற்றைப் பார்க்க நான் நின்றதில்லை என்று சொன்னால் பொய். ஓட்டத்தைக் குலைக்க எனக்கு அனுமதியுள்ள ஒரே விடயம் அது.

பிந்தி ஓடத் தொடங்கியவன் நான் ஒருவன்தானா என்று தேடிப் பார்த்தேன். வயது வந்த சாதாரண மனிதர்கள் ஆரோக்கியத்துக்காக ஓடும் வழக்கமே புதியது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒலிம்பிக் வீரர்களைப் பயிற்றிய கையோடு, அறுபதுகளின் தொடக்கத்தில் ஓக்லாந்தில் தொப்பை போட்ட நடுவயதினரையும் இருதய நோயாளிகளையும் மெதுவாக ஓடப் பழக்கினார். 1962இல் அங்கே போன அமெரிக்கப் பயிற்றுநர் பில் பவர்மன், மாரடைப்புக் கண்ட ஒரு முதியவரோடு ஓட முடியாமல் பின்தங்கினார். ஊருக்குத் திரும்பி, தன் நகரத்துச் சனத்தை ஓடக் கூப்பிட்டார்.

நம்மவர்களில் மா. சுப்பிரமணியன். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராக இருந்தவர், 2021இல் தமிழகத்தின் மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சரானவர். நீரிழிவு உடையவர், விபத்தொன்றில் முழங்கால் பலமாக அடிபட்டவர். ஐம்பதைத் தாண்டி ஓடத் தொடங்கி, பெரும்பாலும் 21 கிலோமீற்றர் கொண்ட அரை மரதன்களாக நூற்றுக்கு மேல் ஓடி முடித்தார். ‘ஓடலாம் வாங்க’ என்று புத்தகமும் எழுதினார். அவரது அரசியல் எனக்குத் தூரம். அவருடைய முழங்கால் எனக்கு மிகவும் பக்கம். பஞ்சாப்பைச் சேர்ந்த பௌஜா சிங், மகனைப் பறிகொடுத்த துக்கத்தில் ஓடத் தொடங்கி, 2000இல் லண்டன் மரதனை 89 வயதுக்காரராக முடித்தார். நூறு வயதில் டொரொன்டோவிலும் ஓடினார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் ஏற்கவில்லை. 2025 ஜூலையில், தன் கிராமத்துக்கருகே வாகனம் மோதி மறைந்தார். இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்த எங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் விடயம் சிரிப்பாக இருக்காது.

ஆனால் ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தகப்பனை 43 வயதில் மாரடைப்புக்குக் கொடுத்தவர். பருத்த உடம்போடும் சிகரெட்டோடும் இருந்து, 35 வயதில் ஓடத் தொடங்கினார். 1977இல் அவர் எழுதிய நூல் அமெரிக்காவையே றோட்டில் இறக்கியது. 1984இல், 52 வயதில், ஓடிக்கொண்டிருக்கையிலேயே விழுந்து இறந்தார். இருதயக் குழாய்கள் அடைபட்டிருந்தன. ஓட்டம் அவரைக் கொன்றது என்பார் உண்டு. ஓடாவிட்டால் தகப்பனின் வயதிலேயே போயிருப்பார் என்பாரும் உண்டு. நான் கற்றுக்கொண்டது கிளினிக் கொப்பியை மூடக்கூடாது என்பதை. மாத்திரையை இன்றுவரை விடவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் வேலை என்று ஒரு ஹாஜியார் என்னிடம் சொன்னார். நபியவர்கள் (ஸல்) பயணமொன்றில் ஆயிஷா நாயகியோடு (ரலி) ஓட்டப்போட்டி வைத்ததை அவருக்கு நினைவூட்டினேன். முதல் தடவை நாயகி முந்தினார்; பின்னொரு காலம் நாயகிக்கு உடம்பு வைத்திருந்தபோது நபியவர்கள் முந்தி, முன்னைய கணக்கைத் தீர்த்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அபூதாவூத் கிரந்தத்தில் உள்ள செய்தி. அப்போது நபியவர்களுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. ஹாஜியார் கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு, சப்பாத்து என்ன விலை என்று கேட்டார்.

போன வருட விளையாட்டுப் போட்டிக்கு வருகிறேன். எங்கள் நாட்டில் றோட்டில் ஓடும் எந்த ஓட்டமும் மரதன்தான்; 42.195 கிலோமீற்றரா என்று யாரும் அளப்பதில்லை. எங்கள் பிள்ளைகளுடைய மரதன் ஐந்து கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. வழியெங்கும் சனம் வாளியில் தண்ணீரோடு நிற்கும். ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் போவார்கள். நான் அதிபரிடம் கேட்டு, கடைசிப் பிள்ளையோடு ஓடினேன். ஒன்பதாம் வகுப்புப் பையன், பருத்த உடம்பு. இல்லத்துக்கு ஆள் காணாததால் பெயர் கொடுக்கப்பட்டவன். முதல் அரைக் கிலோமீற்றரிலேயே மற்றவர்கள் மறைந்துவிட்டார்கள்.

“சேர், நீங்கள் முன்னுக்குப் போங்கோ.”

“நான் போனா உன்னோட ஆர் கதைக்கிறது? பதின்மூண்டாம் வாய்ப்பாடு சொல்லு.”

ஓடிக்கொண்டே சொன்னான். மூச்சு முறிந்த இடத்தில் நடந்தோம். பிறகு கம்பம் எண்ணி ஓடினோம். வழியில் யாரோ அவன் தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். எனக்கும் பாதி கிடைத்தது. நாங்கள் மைதானத்துக்குள் வந்தபோது முடிவுக் கயிற்றைச் சுருட்டிவிட்டார்கள். ஒலிபெருக்கியில் அடுத்த நிகழ்ச்சிக்குப் பெயர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: “சேர், எனக்கு எத்தினை நிமிசம்?” நேரக்கணிப்பாளரிடம் போனேன். மூன்றாமவன் வந்ததோடு மணிக்கூட்டை நிறுத்திவிட்டிருந்தார். அது அவருடைய குற்றமல்ல, எல்லாப் பாடசாலையிலும் நடைமுறை அதுதான். சான்றிதழும் மூன்று பேருக்கு மட்டும்தான்.

எனக்கு அது பொறுக்கவில்லை. இருபது வருடம் மேசைக்குப் பின்னால் இருந்து, மூன்று பெயருக்கு மேல் எழுதாதவன் நான். நாலாவதாக வந்த பிள்ளைக்கும் ஒரு நேரம் இருக்கிறது, கடைசியாக வந்த பிள்ளைக்கும் இருக்கிறது என்பது அந்தக் கதிரையிலிருந்து தெரியவில்லை. ஓடிப் பார்த்தவனுக்குத்தான் இன்னொருவனை முந்துவது வேறு, போன மாதத்து என்னை நான் முந்துவது வேறு என்று விளங்குகிறது. அடுத்த ஆசிரியர் கூட்டத்தில் இதைப் பேசினேன். சிலர் நேரம் போகும் என்றார்கள். நிறையப் பேச வேண்டியிருந்தது. இந்த வருடம் மரதனுக்கு மட்டும், கடைசிப் பிள்ளை மைதானத்துக்குள் வரும்வரை மணிக்கூடு ஓடியது. எல்லாப் பெயரும் நேரத்தோடு அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட்டது. அந்தப் பையன் கடைசிக்கு முதலாவதாக வந்தான். தன் நேரத்தைக் கொப்பி மட்டையில் எழுதி வைத்திருக்கிறான்.

எனது எச்பிஏ1சி இப்போது 6.6. வைத்தியர் மாத்திரையின் அளவைப் பாதியாக்கியிருக்கிறார். நோன்பு மாதத்தில் ஓடுவதில்லை. அஸருக்குப் பிறகு நடை மட்டும். வருத்தமுள்ளவர்கள் நோன்பிருப்பதையே வைத்தியரிடம் கேட்டுத்தான் தீர்மானிக்க வேண்டும். ஓட்டத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ஓடிய நாளெல்லாம் மாலையில் வாப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பேன். சுகம் விசாரித்த கையோடு, “இண்டைக்கு எவ்வளவு?” என்பார். அவருக்குக் கிலோமீற்றர் கணக்குப் பிடிபடாது, ஊர்க்கணக்குத்தான். ஆறு என்று சொன்னால், “ஐஞ்சு சந்தியில வெளிக்கிட்டு நல்லூருக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறாய்” என்பார். எட்டு என்றால், “கோப்பாய்ப் பக்கம்” என்பார். வழியில் எந்த வளவில் பெரிய புளியமரம் நின்றது, எந்தப் படலையில் கடன் சொன்னார்கள் என்று கூடவே வரும். முப்பத்தைந்து வருடத்துக்கு முந்திய ஒழுங்கைகள். பாதிக்கு மேல் இப்போது அப்படி இல்லை, நான் திருத்துவதில்லை.

சென்ற மாதம் முதல் தடவையாக, நிற்காமல் பத்துக் கிலோமீற்றர். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்தவர்கள் பார்க்கத் திரும்பி, மடத்துவெளி வரை. சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. மனதுக்குள் ஓட்டி முடிக்கிறார் என்று தெரிந்தது.

“பத்தோ? அது சுன்னாகச் சந்தையடி” என்றார். பிறகு, “இனி எப்பிடித் திரும்பி வாறாய்? வெய்யில் ஏறப்போகுது” என்றார்.